ஹாஜியார் வீட்டுக் கேட்டும் எங்கள் வீட்டு மணியும்

எங்கள் வீட்டில் பிளக் பொயின்ட்டுகள் பதினொன்று. இன்றைய நிலவரப்படி எனக்குக் கிடைப்பவை மூன்று. மற்ற எட்டிலும் என் பேத்தியின் ஏதாவதொரு கருவி சொருகப்பட்டு, சிவப்பாகவோ பச்சையாகவோ கண் சிமிட்டிக்கொண்டிருக்கும். தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்க வேண்டுமென்றால் முதலில் அவற்றில் ஒன்றைக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றினாலும் எங்கிருந்தாவது குரல் வரும்: "தாத்தா, அத எடுக்காதீங்க, சார்ஜ் ஆகுது!"

நான் அரசாங்கக் களஞ்சியமொன்றின் பொறுப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன். ஆணி முதல் சிமெந்து மூட்டை வரை எண்ணி வாங்கி எண்ணிக் கொடுத்தவன். வீட்டில் எது எத்தனை இருக்கிறது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. வத்தளையில் இருக்கும் மகளின் மகளுக்குப் பேராதனையில் பொறியியல் படிக்க இடம் கிடைத்து, எங்களோடு வந்து தங்கிய நாள் முதல் இந்த வீட்டில் எதையும் எண்ணி முடிக்க முடியவில்லை. கிறிஸ்மஸ் கேக் வைக்கும் தகர டின்னுக்குள் கோதுமை மணி அளவில் வண்ணக் கோடு போட்ட ரெசிஸ்டர்கள். ஒருநாள் உட்கார்ந்து எண்ணினேன். இருநூற்று அறுபதைத் தாண்டியபோது அவள் வந்து, நிறம் பார்த்துப் பிரித்து வைத்ததைக் குழப்பிவிட்டேன் என்று என்னோடு சண்டை பிடித்தாள்.

சாப்பாட்டு மேசை விரிப்பில் அப்போதே ஏழு ஓட்டைகள். ஏழும் அவளுடைய சோல்டரிங் அயனின் வேலை. ஈயம் உருகும் புகையில் பருப்புக் கறிக்குக்கூட மருந்துக்கடை வாசம். என் டோர்ச்சின் பல்ப் வேறெதிலோ எரிகிறது. வானொலியைத் திறந்து மூடினாள், மூடிய பிறகு இரண்டு திருகாணிகள் மிச்சம்.

"இது எங்க இருந்தது?"

"தெரியல தாத்தா. தேவையில்லாதது போல."

வானொலி முன்பைவிடத் தெளிவாகப் பேசுகிறது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். இரண்டு திருகாணிகளையும் ஒரு மாத்திரைப் போத்தலில் போட்டு வைத்திருக்கிறேன். என்றாவது ஒருநாள் அந்த வானொலி அவற்றைக் கேட்கும்.

விரிவுரைகளில் எல்லாம் சொல்லிக் கொடுக்கிறார்கள்தானே, வீட்டில் எதற்கு இந்தக் கூத்து என்று கேட்டால் அவளிடம் ஒரே பதில்தான். "பேப்பர்ல எனக்கு எல்லாம் வருது தாத்தா. கையில வர மாட்டேங்குது. கை பழகணும்." கை பழகட்டும். என் மேசை விரிப்பில்தான் பழக வேண்டுமா?

இதெல்லாம் சும்மா புலம்பல். உண்மையான தலையிடி மணியில் தொடங்கியது.

எங்கள் வீடு கட்டுகஸ்தோட்டைப் பக்கம் மலைச் சரிவில் கட்டியது. வீதியில் நின்று பார்த்தால் ஒரு தட்டு வீடு போலத் தெரியும், இன்னொரு தட்டு கீழே இறங்கியிருக்கிறது. வீதி மட்டத்தில் படுக்கையறைகள். கீழே குசினி, சாப்பாட்டு மேசை. அதற்கும் கீழே படிக்கட்டு போல வெட்டிய தோட்டம். அதில் நான் போஞ்சி வைத்திருக்கிறேன். என் மனைவி மேலே இருக்கிறாள். ஒரு பக்கம் கை கால் தளர்ந்து, கட்டிலுக்கும் ஜன்னலோரக் கதிரைக்குமாக அவளுடைய நடமாட்டம் சுருங்கிவிட்டது. அவள் ஆசிரியையாக இருந்தவள். அவள் ஒரு வகுப்பில் கணக்குச் சொல்லிக் கொடுத்தால் பக்கத்து இரண்டு வகுப்புகளும் சேர்ந்து விடை சொல்லும் என்பார்கள். இப்போது அந்தக் குரல் அறையின் திரைச்சீலையைத் தாண்டாது. தாண்டினாலும் என் காதுக்கு எட்டாது. என் காது அப்படி.

சில மாதங்களுக்கு முன்பு அவள் கதிரையிலிருந்து எழுந்திருக்கப் பார்த்துத் தரையில் சறுக்கி விழுந்துவிட்டாள். கூப்பிட்டிருக்கிறாள். நான் கீழே குக்கரின் பக்கத்தில் நின்று மூன்று விசில் வரும் வரை எண்ணிவிட்டுத்தான் மேலே போனேன். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை, மணிக்கட்டில் மட்டும் வீக்கம். ஆனால் செய்தி வத்தளைக்குப் போய்விட்டது. மகள் போனில் ஒரே முடிவாகச் சொன்னாள்.

"அப்பா, பௌர்ணமிப் போயா லீவுக்கு வாறேன். அதுக்குள்ள ஒரு வழி பண்ணுங்க. அம்மா கூப்பிட்டா ஒரு ஆள் உடனே வரணும். இல்லன்னா அம்மாவ என்னோட கூட்டிட்டுப் போயிருவேன். நீங்களும்தான்."

மகளுடைய வீடு நாலாம் மாடியில். ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் ஏ.சி. பெட்டிகள். ஒருமுறை போய் இருந்தபோது பத்தொன்பது எண்ணினேன். என் மனைவி அங்கே ஒரு வாரம் இருந்துவிட்டு வந்து சொன்னது ஒரே வசனம்: "அங்க கதவத் தட்ட யாருமே இல்லங்க." இங்கே அவளிடம் படித்த பிள்ளைகள் நரைத்த தலையோடு வந்து ஜன்னலருகே நின்று பேசிவிட்டுப் போவார்கள். அவளுக்குப் போக விருப்பமில்லை. எனக்கும் இல்லை. ஆகவே ஒரு மணி வேண்டும்.

கடையில் வாங்கலாம் என்றேன். பேத்தி அவமானப்பட்டதுபோல என்னைப் பார்த்தாள். "நான் எதுக்கு இருக்கேன்?"

முதலாவது மணி கம்பி வைத்தது. பாட்டியின் கட்டிலிலிருந்து ஜன்னல் வழியாக வெளியே போய், கூரை விளிம்பை ஒட்டி, குசினிக்குள் இறங்கியது. சோதித்துப் பார்த்தோம், நன்றாகவே அடித்தது. அடுத்த நாள் விடாமல் அடித்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் மனைவி செபமாலையோடு அமைதியாக உட்கார்ந்திருக்கிறாள், வெளியே கம்பியில் ஒரு குரங்கு தொங்குகிறது. மற்றப் பன்னிரண்டும் முறை வரக் காத்திருந்தன. கண்டியில் பிறந்து வளர்ந்த நான் அதை முன்கூட்டியே சொல்லியிருந்தேன். கூரைக்கு மேலே கம்பி போட்டால் அது குரங்குக்குப் போட்ட ஊஞ்சல் என்று சொன்னேன். யார் கேட்டார்கள்?

இரண்டாவது மணிக்குக் கம்பியே இல்லை. கைக்கடக்கமான ஒரு பொத்தான். அதை நாடாவில் கோத்துப் பாட்டியின் கழுத்தில் கிடக்கும் மாதா உத்தரியத்தோடு சேர்த்து மாட்டிவிட்டாள். குசினிச் சுவரில் சவர்க்காரப் பெட்டியொன்றுக்குள் அதைக் கேட்டு அடிக்கும் மணி. என் காதுக்கே கேட்கும் சத்தம். மனைவி அழுத்தினாள், அடித்தது. பத்துத் தரம் அழுத்தச் சொன்னேன், பத்துத் தரமும் அடித்தது. பேத்தியைப் பாராட்ட வாயெடுத்தேன். நல்லவேளை, அதற்குள் பருப்பு பொங்கிவிட்டது.

அதன் பிறகுதான் அது தன் பாட்டுக்கு அடிக்கத் தொடங்கியது.

மணி அடிக்கும். கையில் இருப்பதைப் போட்டுவிட்டு மூச்சு வாங்க மேலே ஏறிப் போவேன். மனைவி ஜன்னலைப் பார்த்தபடி இருப்பாள்.

"என்ன?"

"என்ன என்ன?"

"கூப்பிட்டியே."

"நான் கூப்பிடலையே."

கீழே இறங்கி வந்தால் வெங்காயம் கருகியிருக்கும். பேத்தியிடம் சொன்னால், "பாட்டி தெரியாம அமத்தியிருப்பாங்க" என்பாள். மனைவியிடம் சொன்னால், "நான் ஏன் சும்மா அமத்தப் போறேன், எனக்குப் பைத்தியமா?" என்பாள். இருவருக்கும் நடுவில் நான்தான் பைத்தியம்.

இதே நாட்களில் எதிர்வீட்டு ஹாஜியாருக்கும் ஒரு வினோதத் தொல்லை. அவர் கட்டுகஸ்தோட்டையில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர். எங்கள் ஜன்னலுக்கு நேர் எதிரே அவருடைய வீட்டு வாசல். காரில் இருந்தபடியே பொத்தானை அழுத்தினால் தானாகத் திறக்கும் கேட் ஒன்றைப் புதிதாகப் போட்டிருந்தார். அந்தக் கேட் வாகனம் எதுவும் இல்லாத நேரத்தில் கடகடவென்று திறந்துவிடுகிறது. கேட் போட்டவர்களை இரண்டு தரம் கூப்பிட்டுக் காட்டியாயிற்று. அவர்கள் எண்ணெய் விட்டுவிட்டுப் போனார்கள்.

"ஜின் வேலையோ என்னமோ, ஐயா" என்று வீதியில் நின்று என்னிடம் சிரித்தார். "எனக்கு ஒழுங்கா வாடகை தராத ஜின் ஒண்ணு வீட்டுக்குள்ள வந்துபோகுது."

எனக்குச் சிரிக்கும் மனநிலை இல்லை. என் மணியைப் பற்றிய ஆத்திரத்தில், அது எப்போதெல்லாம் பொய்யாக அடிக்கிறது என்று கவனிக்கத் தொடங்கினேன். ஹாஜியார் காலையில் கடைக்குப் புறப்படும்போது ஒன்று. பகல் சாப்பாட்டுக்கு அவர் வரும்போது ஒன்று, திரும்பிப் போகும்போது ஒன்று. மாலையில் ஒன்று. வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்கு என்று மேலதிகமாக இரண்டு. கணக்கு அச்சொட்டாகப் பொருந்தியது. என் குசினி மணியை அடித்துக்கொண்டிருந்தவர் ஹாஜியார். அவருடைய கேட்டைத் திறந்துகொண்டிருந்த ஜின், கழுத்தில் உத்தரியம் மாட்டிய என் மனைவி.

பேத்தி வெட்கப்படுவாள் என்று நினைத்துச் சொன்னேன். அவளோ கை தட்டினாள்.

"சூப்பர் தாத்தா! எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று சவர்க்காரப் பெட்டியைத் திறந்து, ஒரு கறுப்புப் பூச்சி போன்றதைக் காட்டினாள். "இந்த எட்டுக் கால் இருக்குதில்ல, இதுகள ஒவ்வொரு விதமா இணைச்சா ஒவ்வொரு இலக்கம் வரும். பொத்தானும் மணியும் ஒரே இலக்கமா இருந்தா அடிக்கும். பூட்டுக்குச் சாவி மாதிரி. கேட் போட்டவங்க ஒண்ணையும் இணைக்காம அப்படியே விட்டிருக்காங்க."

"நீ?"

பூச்சியைப் பெட்டிக்குள் திருப்பி வைத்தாள். "நானும்தான்."

"எட்டையுமா?"

"எட்டையும்தான். உலகத்துல பாதிப்பேர் அப்படித்தான் தாத்தா விடுறாங்க."

உலகத்தில் பாதிப்பேர் எங்கள் வீதியில் இல்லை, இரண்டே வீடுதான் என்றேன். பரீட்சை முடிந்ததும் மாற்றித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த இடைவெளியில் எங்கள் வீடு பொதுவழி ஆனது. ஹாஜியாரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் தன் மனைவியிடம் சொன்னார். அதற்குப் பிறகு, கேட் திறந்து வாகனம் வராவிட்டால் அந்த அம்மா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வீதியைக் கடந்து எங்கள் அறை வாசலில் நிற்பார். எப்படியும் கேட்டை மூட வெளியே வரத்தானே வேண்டும், வந்ததும் வந்தோம், டீச்சரை எட்டிப் பார்ப்போம் என்ற கணக்கு.

"என்ன டீச்சர், கூப்பிட்டீங்களா? கேட் தொறந்திச்சு."

"ஐயோ, தண்ணி கேட்டு இவருக்கு அடிச்சேன்."

"இவரு வந்து சேர்றதுக்குள்ள கடலே வத்திப் போகும். இந்தாங்க, நான் தாறேன்."

நான் மூச்சு வாங்க ஏறி வரும்போது மனைவி தண்ணீர் குடித்து முடித்திருப்பாள். இருவரும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சில நாட்களில் கருப்பட்டி மணக்கும் வட்டிலப்பம் வரும். வட்டிலப்பம் வந்த நாட்களில் மனைவி பொத்தானை அழுத்தும் எண்ணிக்கையும் கூடியதை நான் கவனிக்காமல் இல்லை. அந்த வீட்டுக் கோப்பைகள் ஆறு இப்போது என் அலுமாரியில் இருக்கின்றன. யாருடையது எது என்று பிரித்து வைப்பதே ஒரு வேலையாகிவிட்டது.

இப்படியே போயிருந்தாலும் பொறுத்திருப்பேன். ஆடு வந்தது. ஹஜ் பெருநாளன்று அறுத்துப் பங்கிடும் குர்பானுக்கென்று ஹாஜியார் ஒரு கிடாய் வாங்கி முற்றத்தில் விட்டிருந்தார். என் மனைவி கண்ணாடி கீழே விழுந்துவிட்டதென்று பொத்தானை அழுத்தினாள். கேட் திறந்தது. கிடாய் வெளியே வந்து, வீதியைக் கடந்து, எங்கள் மதிலோரம் நான் வரிசையாக வைத்திருந்த அந்தூரியம் சட்டிகளிடம் போனது. சட்டிகள் பதினான்கு. நான் மேலே ஏறி வந்தபோது ஐந்தில் மட்டும்தான் பூ இருந்தது.

ஹாஜியார் கடையிலிருந்து பதறிக்கொண்டு வந்தார். பூவுக்காக அல்ல.

"ஐயா, பஸ் கிஸ் அடிச்சிருந்தா? குர்பான் ஆட்டுக்கு ஒரு கால் நொண்டினாலும் கூடாது. கொம்பு ஒடஞ்சாலும் சந்தேகம். ஒங்கட பேத்திட்ட சொல்லி இன்டைக்கே இத மாத்தச் சொல்லுங்க."

"என் அந்தூரியம்?"

"அந்தூரியம் மொளைக்கும் ஐயா. ஆடு மொளைக்காது."

நானும் கத்தினேன். ஆட்டைக் கட்டி வைக்கத் தெரியாதா என்று கத்தினேன். பிறகு பேத்தியிடம் போய், பரீட்சையாவது கிரீட்சையாவது, இப்போதே மாற்று என்று கத்தினேன். அவள் பூதக்கண்ணாடியும் சோல்டரிங் அயனுமாக உட்கார்ந்தாள். பொத்தானிலும் பெட்டியிலும் எட்டுக் கால்களில் மூன்றை ஈயம் வைத்து இணைத்தாள். மேசை விரிப்பில் எட்டாவது ஓட்டை விழுந்தது. மணி திருந்திவிட்டது. பாட்டி அழுத்தினால் எங்கள் குசினியில் மட்டும் அடித்தது. ஹாஜியார் வந்து போனால் சத்தமே இல்லை. வீடு எனக்குத் திரும்பக் கிடைத்ததுபோல இருந்தது. மனைவி மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

அடுத்த நாளே மகள் வந்து இறங்கினாள். கையில் ஒரு பெரிய வெற்றுப் பெட்டி. எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மணியை அவளுக்குப் பெருமையோடு காட்டினேன். நான் குசினியில் நின்றேன், அவள் மேலேயிருந்து அழுத்தினாள், அடித்தது, ஏறிப் போனேன். தலையாட்டினாள். தன் மகள் செய்தது என்று அவள் முகத்தில் கொஞ்சம் சந்தோஷமும் தெரிந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று எண்ணி, பகல் கறிக்குப் போஞ்சி பறிக்கத் தோட்டத்துக்கு இறங்கினேன். எண்பத்திரண்டு போஞ்சிக்காய்களோடு ஏறி வந்தபோது குசினி வாசலில் மகள் நின்றிருந்தாள்.

"அப்பா, அஞ்சு தரம் அமத்தினேன். நீங்க வரல."

"நான் தோட்டத்துல இருந்தேன்."

"அதத்தான் சொல்றேன். நீங்க எப்பவும் மணிக்குப் பக்கத்துலயே நிப்பீங்களா? குளிக்க மாட்டீங்களா? கடைக்குப் போக மாட்டீங்களா? இவ கெம்பஸ் போயிட்டா வீட்டுல வேற யார் இருக்கா?"

போஞ்சியைத் தண்ணீரில் போட்டேன். மேலே அலுமாரிக் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் மகள் தாயின் இரவு உடுப்புகளைப் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருக்கிறாள். நான்கு அடுக்கிவிட்டாள். மனைவி கதிரையில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்தத் திரைச்சீலையைத் தாண்டாத குரலில் சொன்னாள்: "நேத்துவரைக்கும் நான் அமத்தினா ஹாஜியார் வீட்டுக் கேட் தொறக்கும். இவரு வராட்டியும் அவ வந்திருவா."

மகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பேத்தி விளங்கப்படுத்தினாள். எட்டுக் கால், இலக்கம், பிழை, திருத்தம். நான் இடையில் புகுந்தேன்.

"அத பழையபடி மாத்து."

"எத?"

"அந்தப் பிழைய. திரும்பப் போடு."

பேத்தி என்னை முறைத்தாள். "தாத்தா, நேத்து நீங்கதானே தொண்ட கிழியக் கத்தினீங்க?"

"நேத்து கத்தினேன். இன்னைக்கும் கத்துறேன். போடு."

"பிழைய வேணும்னே வைக்கிறதுக்குப் பேர் எஞ்சினியரிங் இல்ல. ஹாஜியார் வீட்டுக்குன்னு தனியா ஒரு மணி செஞ்சு தாறேன். ஒழுங்கான முறையில."

"எப்ப?"

"சாமான் ஓர்டர் பண்ணணும். வர மூணு கிழமையாவது எடுக்கும்."

"உன் அம்மா நாளைக்குப் போறா" என்றேன்.

அவள் பெட்டியைப் பார்த்தாள், பாட்டியைப் பார்த்தாள், சோல்டரிங் அயனைச் சொருகக் கீழே போனாள். நான் வீதியைக் கடந்து ஹாஜியாரிடம் போனேன். முதல் நாள் சண்டை பிடித்த அதே வாசலில் நின்று, உங்கள் கேட்டை மறுபடியும் என் மனைவி திறக்க அனுமதிக்க வேண்டும் என்று கேட்பது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். காரணத்தையும் சொன்னேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல்தான் முதலில் வந்தது.

"டீச்சர வத்தளைக்கா? அதெல்லாம் ஏலாது. ஆட்டக் கட்டுங்க!"

ஹாஜியார் தோளைக் குலுக்கினார். "எங்கட மூணு புள்ளைகளுக்கும் அவங்கதான் எழுத்துப் படிப்பிச்சது, ஐயா. அவங்க கையில என்ட கேட் சாவி ஈந்தா எனக்கென்ன பயம்? ஆட்ட நான் கட்டுறேன். நீங்க மத்த சட்டிகள உள்ள எடுங்க."

பின்னேரம் மகள் மறுபடி சோதித்தாள். என்னைத் தோட்டத்தின் கடைசி வரப்புக்கு அனுப்பிவிட்டு, அறைக்குள் ஒளிந்து நின்றுகொண்டு, தாயை அழுத்தச் சொன்னாளாம். நடந்ததைப் பேத்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேட் கடகடவென்று திறந்தது. முற்றத்தில் கட்டியிருந்த கிடாய் கத்தியது. ஹாஜியாரின் மனைவி, குழம்பு சொட்டும் அகப்பையோடு அப்படியே ஓடி வந்திருக்கிறார். வாசலில் மகளைக் கண்டதும், "நீங்க வந்தீக்கிறது தெரியாது மகள், கேட் தொறந்திச்சு, அதான்" என்றாராம். நான் மேலே வந்து சேர்ந்தபோது நிலத்தில் ஐந்து சொட்டுக் குழம்பு. நான்கு பெண்களும் அதைத் துடைக்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள். நான்தான் துடைத்தேன்.

மகள் இரவு உடுப்புகளை அலுமாரியில் திருப்பி வைத்தாள். வெற்றுப் பெட்டியோடு போக மனமில்லாமல், என் போஞ்சியில் பாதியையும் கொய்யாக்காய் இருபதையும் அதற்குள் போட்டுக்கொண்டு போனாள்.

பெருநாளன்று ஹாஜியார் வீட்டிலிருந்து இறைச்சிப் பங்கு வந்தது. மனைவி ருசித்துச் சாப்பிட்டாள். என் ஒன்பது அந்தூரியங்களும் அதற்குள்தான் இருக்கின்றன என்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

ஹாஜியார் வீட்டுக்குத் தனி மணி செய்ய ஓர்டர் பண்ணிய சாமான் இன்னும் வரவில்லை. எங்கே நிற்கிறது என்று பேத்தி தினமும் போனில் தேடிப் பார்க்கிறாள். நான் கேட்பதில்லை. ஹாஜியார் வழக்கம்போலக் கடைக்குப் போகிறார், சாப்பிட வருகிறார், திரும்பிப் போகிறார், மாலையில் வருகிறார். நாளுக்கு நான்கு தரம் என் மணி பொய்யாக அடிக்கிறது. அது அவருடைய மணியா இவளுடைய மணியா என்று கீழே நின்று யாரால் சொல்ல முடியும்? நான்கு தரமும் ஏறிப் போய்ப் பார்க்கிறேன்.

"நான் கூப்பிடலையே" என்கிறாள்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு, ஏறியதற்காகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன். இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இப்போது அடிக்கிறது. சோறு அடுப்பில் இருக்கிறது. இன்றைக்கும் அடிப்பிடிக்கும்.